ரசிகர்கள் பேசும் வியூகத்தில் சரக்கு இருக்கிறதா, வெறும் வெட்டிப் பேச்சா?

"டிவியில் ஃபுட்பால் பார்க்கிறவர்கள் எல்லாரும் கோச் மாதிரி பேசுகிறார்களே, அதில் உண்மையிலேயே ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்டிருக்கிறீர்கள். கேட்ட விதத்திலேயே தெரிகிறது, உங்கள் நண்பர் குழுவிலும் அப்படி ஒருத்தர் இருக்கிறார். மேட்ச் ஆரம்பித்த பத்தாவது நிமிஷமே "இந்த ஃபார்மேஷன் வேலைக்கு ஆகாது" என்று எழுதுகிறவர். நீங்கள் ஜாலியாகப் பார்க்க உட்கார்ந்திருப்பீர்கள், அவர் பாடம் நடத்துவார். கடுப்பாகத்தான் இருக்கும். எங்கள் வாட்ஸ்அப் குழுவில் அந்த ஆள் நான்தான். குழுவில் எனக்குப் பெயரே 'கோச்'. பாராட்டி வைத்த பெயர் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நான் எந்த கோச்சையும் விட அறிவாளி என்று சொல்ல வரவில்லை. கீழே கமெண்டில் "நீ எந்த கிளப்புக்கு ஆடினே?" என்று கேட்கத் தயாராக இருப்பவர்களுக்கு: எந்த கிளப்புக்கும் ஆடவில்லை. இத்தாலிய கோச் அரிகோ சாக்கியும்தான் பெரிய அளவில் ஆடியதில்லை. அப்பாவின் செருப்பு வியாபாரத்தில் இருந்தவர், மிலானுக்கு 1989, 1990 என்று அடுத்தடுத்து ஐரோப்பியக் கோப்பை வாங்கிக் கொடுத்தார். குதிரை ஓட்டுகிறவன் அதற்கு முன் குதிரையாக இருந்திருக்க வேண்டுமா என்ற பொருளில் அவர் சொன்ன பதிலை ஃபுட்பால் பார்க்கிறவர்கள் எல்லாரும் கேள்விப்பட்டிருப்பார்கள். நான் சாக்கி இல்லை. ஆனால் அந்தக் கேள்வியை இனிமேலாவது விட்டுவிடலாம்.

என் விஷயத்துக்கு வருகிறேன். 2022 உலகக் கோப்பை, நவம்பர் 22, அர்ஜென்டினாவும் சவுதி அரேபியாவும். அர்ஜென்டினா அதற்கு முன் 36 ஆட்டம் தோற்காமல் வந்திருந்தது. பத்தாவது நிமிஷம் மெஸ்ஸி பெனால்டியில் கோல். அப்புறம் முதல் பாதியிலேயே பந்து இன்னும் மூன்று தடவை வலைக்குள் போனது, மூன்றும் ஆஃப்சைடு, அதாவது பந்தைப் போடும்போதே ஆள் டிஃபென்ஸ் வரிசையைத் தாண்டி நின்றதால் கோல் எண்ணப்படவில்லை. குழுவில் எல்லாரும் "அடுத்தது எண்ணப்படும், கவலைப்படாதே" என்று ஸ்டிக்கர் போட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கு மட்டும் வயிற்றைக் கலக்கியது. சவுதி டிஃபென்ஸ் தன் கோலுக்கு முன்னால் நிற்கவே இல்லை, கிட்டத்தட்ட நடுக்கோட்டுப் பக்கம் வந்து ஒரே வரிசையாக நிற்கிறது. இதைத்தான் ஹை லைன் என்கிறோம். பின்னால் மைதானம் காலி, ஆனால் அங்கே ஓட நினைக்கிற ஸ்ட்ரைக்கர் அரை அடி முன்னால் இருந்தாலே கொடி. அர்ஜென்டினாவின் முன்வரிசை முழுக்க அந்தக் கோட்டில் ஒட்டிக்கொண்டு நின்று, ஒரே நேரத்தில் ஓடி, திரும்பத் திரும்ப மாட்டிக்கொண்டிருந்தது.

ஹாஃப் டைமில் குழுவில் நீளமாக எழுதினேன். ஸ்ட்ரைக்கர் லவ்டாரோ பின்னால் வந்து பந்தை வாங்கட்டும், அவனைத் துரத்திக்கொண்டு ஒரு டிஃபெண்டர் வருவான், அந்த ஓட்டைக்குள் மிட்ஃபீல்டிலிருந்து ஒருத்தன் தாமதமாக ஓடட்டும், பின்னாலிருந்து ஓடிவருகிறவனை ஆஃப்சைடில் பிடிப்பது கஷ்டம், இப்படி ஓடுகிற கால் இப்போது மிட்ஃபீல்டில் இல்லை, இப்படியே போனால் இந்த 1-0 போதாது என்று. வந்த பதில்கள்: "கோச், ஸ்கலோனி நம்பர் அனுப்பட்டுமா?" (ஸ்கலோனிதான் அர்ஜென்டினாவின் நிஜ கோச்.) "டேய், ஜெயிச்சுக்கிட்டு இருக்கோம்டா, நிம்மதியா பார்க்க விடு." இன்னொருத்தன் பதிலே எழுதவில்லை, கொட்டாவி விடுகிற ஸ்டிக்கர் ஒன்று.

இரண்டாம் பாதியில் சவுதிக்கு 48ஆவது நிமிஷம் அல் ஷெஹ்ரி, 53ஆவது நிமிஷம் அல் தவ்சரி கோல் போட்டார்கள். சவுதி 2-1. ஆட்டம் அப்படியே முடிந்தது.

அந்த இரண்டு கோலுக்கும் ஹை லைனுக்கும் நேரடித் தொடர்பு இல்லையே என்று ஒருத்தர் வருவார், தெரியும். இல்லைதான். ஆனால் முதல் பாதியிலேயே முடிந்திருக்க வேண்டிய ஆட்டம் 1-0இல் தொங்கியது எதனால்? தோல்வியைக் கணித்தேன் என்று நான் எங்கேயும் சொல்லவில்லை, காரணத்தைத்தான் சொன்னேன். என்னைக் கேட்டால் வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது. கோல் விழுவதற்கு முன்னால், காரணத்தோடு சொல்கிற யோசனையில் சரக்கு இருக்கலாம். விழுந்த பிறகு சொல்வது ஸ்கோர்போர்டை உரக்கப் படிப்பது. அன்றைக்கு ராத்திரி எங்கள் குழுவைப் பார்த்திருக்க வேண்டும். ஹாஃப் டைமில் கொட்டாவி விட்ட அதே ஆள் "இவங்களுக்கு ஹை லைனை உடைக்கவே தெரியல" என்று ஆரம்பித்து மூன்று பத்தி எழுதினான். அதற்குப் பத்து லைக்.

ஸ்கலோனி அடுத்து என்ன செய்தார் என்று பாருங்கள். மெக்சிகோ ஆட்டத்தில் மிட்ஃபீல்டர் மக்காலிஸ்டரை ஆரம்பத்திலிருந்தே இறக்கினார், போலந்து ஆட்டத்தில் அவரோடு என்சோ ஃபெர்னாண்டஸும் ஹூலியன் ஆல்வரெஸும். போலந்துக்கு எதிரான முதல் கோல் ஞாபகம் இருக்கிறதா? மொலினா வலது பக்கத்திலிருந்து பந்தைப் போட, மிட்ஃபீல்டிலிருந்து ஓடி வந்து மக்காலிஸ்டர் அடித்தது. ஸ்கலோனி என் மெசேஜைப் பார்த்து மாற்றினார் என்று சொல்ல எனக்குப் பைத்தியம் இல்லை. அவருடைய ஸ்டாஃப் அதை எனக்கு முன்பே பார்த்திருப்பார்கள். நான் சொல்வது, டிவி முன்னால் உட்கார்ந்திருக்கிறவன் கண்ணுக்கும் அது தெரியும் என்பதைத்தான்.

கண்ணுக்குத் தெரியாததும் நிறைய. அதே உலகக் கோப்பை ஃபைனலில், பிரான்ஸுக்கு எதிராக, விங்கர் டி மரியாவை வழக்கமான வலது பக்கம் விடாமல் இடது பக்கம் நிறுத்தினார் ஸ்கலோனி. ஃபுட்பாலே அதிகம் பார்க்காத ஒரு நண்பர் குழுவில் "இவர் ஏன் அந்தப் பக்கம் நிற்கிறார்?" என்று கேட்டார். அந்த ராத்திரியின் சிறந்த கேள்வி அதுதான், வியூகம் பேசுகிற எங்களில் ஒருத்தருக்கும் அது தோன்றவில்லை. அந்தப் பக்கம் பிரான்ஸுக்கு ரைட் பேக்காக (வலது ஓர டிஃபெண்டராக) நின்ற கூண்டே அடிப்படையில் சென்டர் பேக் (நடு டிஃபெண்டர்), அவருக்கு முன்னால் இருந்த டெம்பெலேவுக்கு டிஃபென்ஸ் பழக்கம் குறைவு. டெம்பெலேதான் டி மரியாவைத் தள்ளிப் பெனால்டி கொடுத்தார். 36ஆவது நிமிஷம் டி மரியாவே இன்னொன்று போட்டார். 64ஆவது நிமிஷம் அவரை வெளியே எடுத்தபோது குழுவில் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பிரான்ஸின் எம்பாப்பே 80, 81ஆவது நிமிஷம் என்று இரண்டு கோல் போட்டதும் "டி மரியாவை எடுத்ததுதான் தப்பு" என்று எல்லாரும் குதித்தார்கள். அவர் அந்தத் தொடரில் காலில் பிரச்சினையோடு இருந்தவர், இடையில் வெளியே உட்கார்ந்திருந்தவர். அந்தக் கால் எத்தனை நிமிஷம் தாங்கும் என்பது டாக்டருக்கும் கோச்சுக்கும் தெரியும், எனக்கும் உங்களுக்கும் தெரியாது. டிவி கேமரா வேறு பந்தின் பின்னாலேயே போகும், எதிர்ப்பக்க ஃபுல்பேக் எங்கே நிற்கிறான் என்று ரீப்ளேயில்கூடக் காட்ட மாட்டார்கள். அதனால் யாரை எடுக்க வேண்டும், யாரை இறக்க வேண்டும் என்ற சண்டையில் நான் இப்போதெல்லாம் குரல் குறைவு. அணி எந்த இடத்தில் நிற்கிறது, எங்கே ஓட்டை என்பதில் மட்டும் வாயைத் திறப்பேன்.

கேட்டதற்குச் சம்பந்தம் இல்லை, ஆனாலும் சொல்லியே ஆக வேண்டும். எங்கள் குழுவில் ஒருத்தனுக்கு மட்டும் ஸ்ட்ரீம் எல்லாருக்கும் முன்னால் ஓடும். எனக்கு இன்னும் கார்னரே அடித்திருக்க மாட்டார்கள், அவன் "கோஓஓஓல்" என்று போட்டுவிடுவான். எத்தனையோ தடவை சொல்லியாகிவிட்டது, ஒரு நிமிஷம் பொறுத்துப் போடுடா என்று. "நோட்டிஃபிகேஷனை அணைச்சு வை" என்கிறான். நான் ஏன் அணைக்க வேண்டும்? ஃபைனலின் பெனால்டி ஷூட்அவுட்டையே அவனால் பாதிதான் பார்த்தேன். முடிவு தெரிந்த பெனால்டியைப் பார்ப்பது போலக் கொடுமை கிடையாது. வியூகம் பேசுகிறவர்களைப் பற்றிக் கேள்வி கேட்கிறீர்கள், இவர்களைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

சரி. ரசிகனின் யோசனை எங்காவது எடுபட்டிருக்கிறதா என்றால், இருக்கிறது. 1994இல் பாபி ராப்சன் போர்ச்சுகலின் போர்ட்டோ கிளப்புக்குக் கோச்சாக வந்தபோது, அவர் குடியிருந்த அதே கட்டடத்தில் ஒரு பள்ளி வயதுப் பையன் இருந்தான். டொமிங்கோஸ் என்ற ஸ்ட்ரைக்கரை ஏன் சரியாக ஆட வைப்பதில்லை என்று அவருக்குச் சீட்டு எழுதிப் போட்டான். ராப்சன் சிரித்துவிட்டுப் போகவில்லை. ஆதாரம் கொண்டு வா என்றார், பையன் புள்ளிவிவரத்தோடு போனான், அவனைக் கிளப்புக்குள்ளேயே அழைத்துக்கொண்டார். அந்தப் பையன்தான் ஆந்த்ரே வில்லாஸ்-போவாஸ். 2010-11இல் போர்ட்டோவின் கோச்சாக லீகில் ஒரு ஆட்டம்கூடத் தோற்காமல் பட்டமும், கூடவே ஐரோப்பாவின் இரண்டாம் நிலை கிளப் கோப்பையான யூரோப்பா லீகும் வாங்கினார். 2024இல் அந்த கிளப்புக்கே தலைவரானார்.

நடுவில் நடந்ததுதான் எனக்குப் பிடித்த பகுதி. அவர் இங்கிலாந்தின் செல்சி கிளப்புக்குப் போய் அங்கே ஹை லைன் ஆட வைத்தார். 2011 அக்டோபரில் ஆர்சனல் வந்து செல்சி மைதானத்திலேயே 5-3 என்று அடித்துவிட்டுப் போனது. "இந்த டிஃபெண்டர்களை வைத்துக்கொண்டு இவ்வளவு மேலே நிற்கலாமா?" என்று கேட்டவர்கள் யார்? ரசிகர்கள். அடுத்த மார்ச்சில் வேலை போயிற்று.

எங்கள் குழுவின் டாட்டன்ஹாம் ரசிகன் விஷயமும் இதேதான். 2023 நவம்பரில் செல்சிக்கு எதிராக இரண்டு பேர் ரெட் கார்டு வாங்கி ஒன்பது பேராக நின்றபோதும் டாட்டன்ஹாமின் அப்போதைய கோச் போஸ்டகோக்லு லைனை இறக்கவில்லை, 4-1 என்று தோற்றார்கள். அன்றிலிருந்து வாராவாரம் நான் "லைனை இறக்கச் சொல்லுடா" என்பேன், அவன் "நீ உன் டீமைப் பாரு கோச்" என்பான். கடைசியில் 2025 மே மாதம், யூரோப்பா லீக் ஃபைனலில், மான்செஸ்டர் யுனைடெட்டிடம் பந்தைக் கொடுத்துவிட்டுப் பின்னால் இறங்கி நின்றார்கள். 1-0 என்று ஜெயித்தார்கள், 2008க்குப் பிறகு முதல் கோப்பை. லீகில் அந்த வருஷம் 17ஆம் இடம் என்பது வேறு விஷயம்.

நான் உடனே குழுவில் என் பழைய மெசேஜ்களை எல்லாம் தேடி எடுத்துத் தேதியோடு ஒட்டினேன். அவன் ஒன்றையும் படித்ததாகத் தெரியவில்லை. கோப்பைப் படத்தை டிபியாக வைத்தான், இன்னும் மாற்றவில்லை. நான் எந்த டீமின் வியூகத்தைப் பற்றி எழுதினாலும் அதற்குப் பதிலாக அதே படத்தைத்தான் அனுப்புகிறான்.