ஒரு நல்ல நாள் முடிந்து வீட்டுக்கு வந்து ஏன் அழுதேன்?

அன்புள்ள ஆலோசகருக்கு,

வணக்கம். எனக்கு வயது 44. வேலை, கணவர், இரண்டு பிள்ளைகள் என்று பெரிதாகக் குறை சொல்ல ஒன்றும் இல்லாத வாழ்க்கை. இதைப் பிரச்சினை என்று எழுதவே கூச்சமாக இருக்கிறது, ஏனென்றால் நடந்தது ஒரு நல்ல விஷயம்.

கல்லூரி விடுதியில் ஒரே அறையில் இருந்த நாங்கள் மூன்று பேர், 11 வருஷம் கழித்து, மூன்று வாரத்துக்கு முன்பு சந்தித்தோம். காலை 11 மணிக்குச் சாப்பிட உட்கார்ந்தோம், எழுந்தபோது இரண்டரை. யாரும் மணி பார்க்கவில்லை. எனக்குப் பிடித்ததைக் கடைசியில் சாப்பிடலாம் என்று தட்டோரம் ஒரு துண்டை ஒதுக்கி வைத்திருந்தேன், அதை ஒருத்தி பேசிக்கொண்டே கை நீட்டி எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். கேட்கவே இல்லை. விடுதியிலும் அப்படித்தான் செய்வாள். நான் ஒதுக்கி வைக்கிறவள் என்பது அவளுக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது, ஆனால் என் வீட்டில் அது யாருக்கும் தெரியாது. எல்லாரும் சாப்பிட்ட பிறகு மீதி இருப்பதை நின்றுகொண்டே சாப்பிடுகிறவள் எதை ஒதுக்கி வைப்பாள்?

அப்புறம் ஓர் ஓவியக் கண்காட்சிக்குப் போனோம். எனக்கு ஓவியம் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனாலும் ஒரு படத்தின் முன்னால் கால் நின்றுவிட்டது. ஜன்னலோரம் ஒரு நாற்காலி, அதன் முதுகில் மடித்துப் போட்ட துணி, ஆள் இல்லை. கிட்டே போய்ப் பார்த்தால் துணி என்று நினைத்தது நாலைந்து சாம்பல் நிறத் தீற்றல்தான், இரண்டடி பின்னால் வந்தால் மறுபடி துணியாகிவிடுகிறது. இப்படி முன்னும் பின்னுமாகக் கால் மணி நேரம் நின்றிருப்பேன். "யாரோ இப்பதான் எழுந்து போயிருக்காங்க" என்றாள் தோழி. எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

இரவு வீட்டுக்கு வந்தால் எல்லாரும் சாப்பிட்டு முடித்திருந்தார்கள். ஒரு குறையும் இல்லை. "எப்படி இருந்துச்சு?" என்று கணவர் கேட்டார். "ம், பரவாயில்லை" என்றேன். பாத்திரம் கழுவும்போது அழுகை வந்தது, குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

"அடுத்தது எப்போ?" என்று தோழி அன்றைக்கே செய்தி போட்டிருந்தாள். பார்த்தேன், இன்னும் பதில் போடவில்லை. அன்றைக்கு நான்தான் அதிகம் பேசினேன், என் கதையையே அளந்துகொண்டிருந்தேன், அவர்களுக்குச் சலித்துப் போயிருக்கும் என்று தோன்றுகிறது. தூக்கம், சாப்பாடு, வேலை எல்லாம் வழக்கம்போல்தான் இருக்கிறது. ஆனால் அந்த நாளை நினைத்தாலே ஏதோ தப்பு செய்துவிட்ட மாதிரி இருக்கிறது. நான் சுயநலக்காரியா? சந்தோஷமாக இருந்த ஒரு நாள் ஏன் என்னை இப்படிக் கலைத்துப் போட வேண்டும்?

ஒரு வாசகி

அன்புத் தோழிக்கு,

உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்த இடம் அந்தப் "பரவாயில்லை". பல வருஷத்தில் இப்படி ஒரு நாள் வாய்த்திருக்கிறது, அதைப் பற்றி வீட்டில் கேட்டதும் கையில் இருந்ததைச் சட்டென்று முதுகுக்குப் பின்னால் மறைக்கிற குழந்தை மாதிரி மறைத்துவிட்டீர்கள். கணவர் கோபித்துக்கொள்வார் என்று நீங்கள் எழுதவில்லை, அவர் அக்கறையாகத்தான் கேட்டிருக்கிறார். அப்படியென்றால் யாரிடமிருந்து மறைத்தீர்கள்?

குற்ற உணர்ச்சி வந்தால் அதனிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, யாருக்கு என்ன கெடுதல் செய்தேன் என்பதுதான். உங்கள் கடிதத்தை வரி வரியாகத் தேடிவிட்டேன், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பிள்ளைகள் சாப்பிட்டிருக்கிறார்கள், வீடு அதன்பாட்டுக்கு நடந்திருக்கிறது. அதனால் உங்களுக்கு வந்தது துக்கம் என்றே நினைக்கிறேன். 11 வருஷமாக எது இல்லாமல் இருந்தீர்கள் என்பது, அது கைக்கு வந்த அன்றுதான் தெரிந்திருக்கிறது. பசியை ரொம்ப நாள் அடக்கி வைத்தவருக்கு முதல் கவளத்தில் கண் கலங்கும். அந்த அழுகையை அப்படித்தான் எடுத்துக்கொள்கிறேன். துக்கம் என்றால் உட்கார்ந்து பட வேண்டும். நமக்கோ உட்கார்ந்து பழக்கம் இல்லை, அதனால் அதைத் தப்பாக்கி, நம்மையே திட்டி முடித்துக்கொள்கிறோம்.

தட்டில் இருந்த துண்டைப் பற்றி நீங்கள் எழுதியதில்தான் எல்லாம் இருக்கிறது. அவள் எடுத்துத் தின்றாள், உங்களுக்குக் கோபம் வரவில்லை, நிறைந்துபோனீர்கள். உங்களுக்கு என்ன பிடிக்கும் என்று தெரிந்த ஒருத்தி பக்கத்தில் இருந்தாள், அவ்வளவுதான் விஷயம். வேளா வேளைக்குச் சமைத்துப் போடுகிற உங்களுக்குப் பிடித்தது எது என்று சொந்த வீட்டில் தெரியவில்லை என்பது எனக்குக் கொஞ்சம் வலிக்கிறது, ஆனால் அதில் பாதி நீங்கள் சொல்லாததால் வந்தது.

அந்தப் படத்துக்கு வருகிறேன். நியூயார்க்கின் மெட்ரோபொலிட்டன் அருங்காட்சியகத்தில் பார்வையாளர்கள் ஒரு ஓவியத்தின் முன்னால் எவ்வளவு நேரம் நிற்கிறார்கள் என்று கணக்கெடுத்து 2001-இல் ஓர் ஆய்வு வெளியானது, சராசரி 27 விநாடிதான். நீங்கள் கால் மணி நேரம் நின்றிருக்கிறீர்கள், அதுவும் முன்னும் பின்னும் நடந்து, தீற்றல் எங்கே துணியாகிறது என்று பார்த்துக்கொண்டு. ஓவியம் பற்றி ஒன்றும் தெரியாது என்று இனிமேல் சொல்லாதீர்கள். அந்தக் காலி நாற்காலி உங்களுக்கு என்ன சொன்னது என்று நான் விளக்கப் போவதில்லை, அது உங்களுடையது. ஆனால் அதை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள், எழுந்து போனவர் யார் என்று.

இனி, அதிகம் பேசிவிட்டேன், சலித்திருப்பார்கள் என்ற பயம். 2018-இல் எரிகா பூத்பி என்ற உளவியலாளரும் அவரோடு சேர்ந்தவர்களும் இதைத்தான் ஆராய்ந்தார்கள். பேசி முடித்த இருவரிடமும் தனித்தனியாகக் கேட்டால், தன்னை எதிரில் இருந்தவருக்கு அவ்வளவாகப் பிடித்திருக்காது என்றே பெரும்பாலும் நினைக்கிறார்கள், உண்மையில் பிடித்திருக்கிறது. ஒரே விடுதியில் சேர்ந்து தங்கிய மாணவர்களிடமும் இந்தத் தப்புக் கணக்கு பல மாதம் நீடித்தது. உங்கள் விஷயத்தில் ஆய்வுகூடத் தேவையில்லை, சலித்துப்போனவள் "அடுத்தது எப்போ?" என்று அன்றைக்கே கேட்டிருக்க மாட்டாள்.

பதில் போடாமல் இருப்பதற்கும் வெட்கப்பட வேண்டாம், இது உங்களுக்கு மட்டும் நடப்பதில்லை. லாரா ஆக்னின், கில்லியன் சாண்ட்ஸ்ட்ரோம் இருவரும் 2024-இல் வெளியிட்ட ஆய்வில், விட்டுப்போன ஒரு பழைய நட்புக்குச் செய்தி அனுப்பச் சொன்னார்கள். பேச ஆசை இருந்தது, தொடர்பு எண் இருந்தது, எழுத நேரமும் கொடுத்தார்கள். அப்படியும் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவானவர்களே அனுப்பினார்கள். நாள் ஆக ஆகத் தயக்கம் தடித்துப்போகும், மூன்று வாரம் மூன்று மாதமாகும், அப்புறம் இன்னொரு 11 வருஷம்.

அதனால் இன்றைக்கே பதில் போடுங்கள். தாமதத்துக்கு நீளமாக மன்னிப்பு கேட்டு, காரணமெல்லாம் அடுக்க வேண்டாம். "அன்னைக்கு வீட்டுக்கு வந்து அழுதேன், அவ்வளவு நல்லா இருந்துச்சு. எப்போ பார்க்கலாம்?" என்று உங்கள் வார்த்தையில் இரண்டே வரி போதும். அடுத்த சந்திப்பை முழு நாளாகத் திட்டமிடாதீர்கள், மூன்று பேருக்கும் ஒத்துவர வேண்டும், நல்ல இடம் வேண்டும், கண்காட்சியும் இருக்க வேண்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தால் அது நடக்காது. ஒரு மணி நேரம், ஒருத்தியோடு மட்டும் என்றாலும் சரி, தேதியை மட்டும் இப்போதே குறித்துவிடுங்கள்.

தூக்கமும் சாப்பாடும் சரியாக இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள், நிம்மதி. அது மாறினாலோ, நாளின் பெரும்பகுதி மனம் சோர்ந்தே இருப்பது இரண்டு வாரத்துக்கு மேல் தொடர்ந்தாலோ, தள்ளிப்போடாமல் ஒரு மனநல மருத்துவரை நேரில் பாருங்கள்.

கணவரிடமும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. "அன்னைக்கு பரவாயில்லைன்னு சொன்னேன், அது உண்மை இல்ல" என்று ஆரம்பித்து, அந்தத் துண்டைத் தோழி எடுத்துச் சாப்பிட்ட கதையைச் சொல்லுங்கள். இருவரும் உட்கார்ந்து சாப்பிடும்போது சொல்லுங்கள், நின்றுகொண்டு வேண்டாம்.