கைக்குழந்தையோடு கப்பல் பயணம்: கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய எழுத்தாளருக்கு வணக்கம்.

நான் சிங்கப்பூரில் வசிக்கும் உங்கள் வாசகி. சொந்த ஊர் மன்னார்குடி. பிள்ளைகளோடு பயணம் செய்வது பற்றி நீங்கள் எழுதிவருவதைத் தொடர்ந்து வாசிக்கிறேன். என் மகளுக்கு நான்கரை வயது, மகனுக்கு ஒன்றரை வயது. வரும் ஜூன் விடுமுறையில் இங்கிருந்து புறப்படும் சொகுசுக் கப்பலில் பினாங்கு, புக்கெட் வரை நான்கு இரவுப் பயணம் போகலாம் என்று என் கணவர் சொல்கிறார். ஊரிலிருந்து வந்திருக்கும் என் மாமியாரையும் அழைத்துச் சென்றால், பிள்ளைகளை அவரிடம் விட்டுவிட்டு நாங்கள் சற்று ஓய்வெடுக்கலாம் என்பதும், ஐந்து பேரும் ஒரே அறையில் தங்கினால் செலவு குறையும் என்பதும் அவருடைய எண்ணம்.

உறவினர்களோ, இவ்வளவு சின்னப் பிள்ளையைக் கடலுக்குக் கொண்டுபோவதா, வாந்தியும் காய்ச்சலும் வந்தால் நடுக்கடலில் என்ன செய்வாய் என்று பயமுறுத்துகிறார்கள். மகனுக்கு எதுவும் நினைவில் நிற்கப் போவதில்லை, வீண் செலவு என்கிறார் என் அம்மா. போகலாமா, வேண்டாமா? போவதென்றால் பால்கனி உள்ள அறையை எடுக்கலாமா? விரிவாக எழுத வேண்டுகிறேன்.

அன்புடன்,
ஆர்., சிங்கப்பூர்

*

அன்புள்ள சகோதரிக்கு,

போகலாம் என்பதே என் கருத்து. ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் திட்டத்தை அப்படியே வைத்துக்கொண்டு போனால், திரும்பி வரும்போது உங்கள் மகளைத் தவிர வேறு யாரும் மகிழ்ச்சியாக இருக்க மாட்டீர்கள் என்று அஞ்சுகிறேன். உறவினர்கள் சொல்லும் கடலைப் பற்றி எனக்குப் பெரிய கவலை இல்லை. உங்கள் மகனின் வயது, கப்பலின் விதிகள், உங்கள் மாமியாருக்கு ஒதுக்கப்பட்டிருக்கும் வேலை ஆகியவற்றைப் பற்றித்தான் கவலைப்படுகிறேன்.

விளம்பரங்களில் முதலில் கண்ணில் படுபவை நீச்சல் குளங்களும் நீர்ச்சறுக்குகளும் குழந்தைகளுக்கான விளையாட்டு மன்றங்களும்தான். இவற்றில் ஏறக்குறைய எதுவும் ஒன்றரை வயதுக் குழந்தைக்குக் கிடைக்காது என்பதைப் பணம் கட்டுவதற்கு முன்பே தெரிந்துகொள்வது நல்லது. பெரும்பாலான கப்பல்களில் கட்டணமில்லாத குழந்தைகள் மன்றம் மூன்று வயது நிறைந்த, டயப்பர் இல்லாமல் கழிவறைக்குப் போகப் பழகிய பிள்ளைகளை மட்டுமே ஏற்றுக்கொள்ளும். நீச்சல் குளத்திலும் டயப்பர் அணியும் குழந்தையை, அது நீச்சலுக்கென்றே விற்கப்படும் டயப்பராக இருந்தாலும், இறக்க விடமாட்டார்கள். இதைப் பணியாளர்களின் கெடுபிடி என்று எண்ணி அவர்களோடு வாதாட வேண்டாம். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 1970களிலிருந்து நடத்திவரும் கப்பல் சுகாதாரத் திட்டத்தின் விதிகளைப் பெரிய நிறுவனங்கள் பலவும் கடைப்பிடிக்கின்றன; ஆயிரக்கணக்கானோர் நெருங்கி வாழும் இடத்தில் ஒரு குளத்து நீர் அசுத்தமானால் நோய் எவ்வளவு விரைவாகப் பரவும் என்ற அனுபவத்திலிருந்து பிறந்த விதிகள் அவை. டயப்பர் அணிந்த குழந்தைகளுக்கென்றே ஆழமில்லாத தனி நீர்விளையாட்டு இடம் வைத்திருக்கும் கப்பல்களும் உண்டு; ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ளவர்களை மணிக்கணக்கில் கட்டணம் வாங்கிக்கொண்டு பார்த்துக்கொள்ளும் காப்பகம் உள்ள கப்பல்களும் உண்டு. கப்பலைத் தேர்ந்தெடுக்கும்போது நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி இவை இரண்டும் இருக்கின்றனவா என்பதுதான். விலையும் அறையின் அளவும் அதற்குப் பின்னால்தான். காப்பகத்தில் இடங்கள் குறைவு என்பதால் கப்பல் ஏறிய அன்றே பதிவு செய்துவிடுங்கள்.

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது உங்கள் மாமியாரைப் பற்றிய வரிதான். அவருடைய விருப்பத்தைக் கேட்டீர்களா என்பதைக் கடிதத்தில் காணவில்லை. சிங்கப்பூரிலிருந்து புறப்படும் பெரிய கப்பல்கள் 300 மீட்டருக்கும் அதிக நீளம் கொண்டவை. பதினைந்துக்கும் மேற்பட்ட தளங்கள் உள்ளவை. ஒரே மாதிரி நீண்டு கிடக்கும் நடைபாதைகளும், கனமான கதவுகளும், கூட்டம் நெரியும் மின்தூக்கிகளும் கொண்ட ஓர் இடத்தில், ஓடப் பழகியிருக்கும் ஒரு குழந்தையின் பின்னால் வயதான ஒருவர் ஓடிக்கொண்டிருக்க வேண்டியிருக்கும். கைபேசி கரையை விட்டு விலகியதும் வழக்கம்போல இயங்காது. இணையத்துக்குத் தனிக் கட்டணம் உண்டு. பிள்ளை விழுந்து அடிபட்டால் உங்களை எங்கே தேடுவது, யாரிடம் எந்த மொழியில் கேட்பது என்று அவர் தவித்து நிற்கும் நிலையை எண்ணிப் பாருங்கள். விடுமுறைக்கு அழைத்து வந்தோம் என்று நீங்கள் ஊரில் சொல்வீர்கள். அவரோ வீட்டில் பார்த்த அதே வேலையைப் பழக்கமில்லாத இடத்தில், இரட்டிப்புப் பயத்தோடு பார்த்துவிட்டு வருவார். குடும்பப் பயணங்களில் பாட்டிமார்கள் படம் எடுக்கும் நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் அறையில் தூங்கும் குழந்தைக்குக் காவலாக இருப்பதைப் பலமுறை பார்த்து மனம் வருந்தியிருக்கிறேன்.

எனவே அவரை நிச்சயம் அழைத்துச் செல்லுங்கள். ஆனால் அவரையும் ஒரு பயணியாகவே அழைத்துச் செல்லுங்கள். பெரியவர்கள் மூன்று பேர் இருக்கிறீர்கள். மகளை மன்றத்தில் விட்டபின் மகனோடு இருக்க வேண்டியவர் ஒருவர்தான். அந்த முறை காலையில் உங்கள் கணவருக்கும் பிற்பகலில் உங்களுக்கும் வரட்டும். மாலையில் சிறிது நேரம், நீங்கள் அதே தளத்தில் இருக்கும்போது மட்டும், அத்தை விரும்பினால் அவருக்கு வரட்டும். இரவு அரங்கில் நடக்கும் நிகழ்ச்சியை அவர் ஒருநாளாவது முழுமையாக உட்கார்ந்து பார்க்க வேண்டும். கப்பல் பினாங்கை அடையும் நாளில் இது இன்னும் எளிது. ஸ்வெட்டன்ஹாம் துறைமுகம் ஜார்ஜ் டவுனின் விளிம்பிலேயே இருக்கிறது. 1833இல் தோன்றிய மகா மாரியம்மன் கோயில் உள்ள குயின் வீதியும் அதை ஒட்டிய லிட்டில் இந்தியாவும் நடந்தே போகும் தொலைவில்தான் உள்ளன. கோயில் நடை திறந்திருக்கும் வேளையாகப் பார்த்து நீங்களும் அத்தையும் மகளும் போய் வாருங்கள். உங்கள் கணவரும் மகனும் கப்பலிலேயே இருக்கட்டும். பயணிகளில் பெரும்பகுதியினர் கரைக்குப் போய்விடுவதால் அன்று தளங்கள் காலியாக இருக்கும். நடை பழகும் குழந்தைக்கு அதைவிட நல்ல பொழுது கப்பலில் கிடைக்காது.

இனி அறை. ஐந்து பேருக்கு ஒரே அறை என்பது பெரும்பாலும் நடக்காது. ஓர் அறையில் இத்தனை பேர்தான் தங்கலாம் என்ற எண்ணிக்கையில் மடியில் கிடக்கும் குழந்தையும் ஒரு முழு ஆளாகவே கணக்கிடப்படும், ஏனென்றால் உயிர்காப்புப் படகின் கணக்கிலும் அக்குழந்தைக்கு ஓர் இடம் உண்டு. சாதாரண அறைகளில் அதிகபட்சம் நான்கு பேர் தங்கலாம். அதிலும் இரண்டு படுக்கைகள் சுவரிலிருந்தோ கூரையிலிருந்தோ இறக்கப்படும் மேல்படுக்கைகளாக இருக்கும். அவற்றில் சிறு குழந்தையையும் படுக்க வைக்க முடியாது, ஏணியில் ஏறி அத்தையாலும் படுக்க முடியாது. உள்கதவால் இணைந்த இரண்டு அறைகளைக் கேட்டு வாங்குங்கள். ஒற்றை ஆளுக்குக் கூடுதல் கட்டணம் வராதபடி, அத்தையும் மகளும் ஓர் அறையிலும் நீங்கள் மூவரும் மற்றதிலும் இருப்பதாகப் பதிவு செய்யலாம். மகனுக்கான மடக்குத் தொட்டிலை முன்பதிவின்போதே எழுத்து மூலம் கேளுங்கள். குளிக்கும் தொட்டி சாதாரண அறைகளில் இருக்காது. ஷவரில் நிற்க அஞ்சும் குழந்தை என்றால் காற்றடைத்து மடக்கக்கூடிய சிறு தொட்டி ஒன்றை எடுத்துச் செல்லலாம்.

பால்கனி வேண்டாம். அதன் கதவில் தாழ்ப்பாள் உயரத்தில் இருக்கும், தடுப்பும் உறுதியாகத்தான் இருக்கும். ஆனால் அங்கே நாற்காலிகளும் போடப்பட்டிருக்கும், நான்கரை வயதுப் பிள்ளைக்கு நாற்காலியை இழுத்துப்போட்டு ஏறத் தெரியும். திறக்க முடியாத சன்னல் உள்ள அறை உங்களுக்குப் போதும்.

கடலைப் பற்றி உறவினர்கள் சொல்வதற்கு வருகிறேன். 1926இல் கட்டப்பட்டு 1973 வரை ஓடிய ரஜூலா கப்பலில், சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் வந்த நம்மவர்கள் கைக்குழந்தைகளோடு மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்து, வங்காள விரிகுடாவையே கடந்து வந்திருக்கிறார்கள். நீங்கள் போகவிருக்கும் மலாக்கா நீரிணை அதைவிட அமைதியானது. ஒருபுறம் சுமத்ராவும் மறுபுறம் மலேசியத் தீபகற்பமும் பெரிய அலைகளைத் தடுத்துவிடுகின்றன. சில விடியற்காலைகளில் சுமத்ராப் பக்கமிருந்து இடியோடு காற்றும் மழையும் வந்து போகும். ஒன்றரை லட்சம் டன் கொள்ளளவுள்ள கப்பலில் தூங்குபவருக்கு அது தெரியாமலே போகலாம்.

ஆனால் ஜூன் மாதத்தில் புக்கெட் வேண்டாம் என்று உறுதியாகச் சொல்வேன். பினாங்கைத் தாண்டி வடக்கே அந்தமான் கடலுக்குள் நுழைந்ததும் தென்மேற்குப் பருவக்காற்றின் அலைகள் நேரடியாக வரத் தொடங்கும். தவிரவும், பெரிய கப்பல்கள் பல அங்கே கரையை ஒட்டாமல் கடலில் நங்கூரமிட்டு, பயணிகளைச் சிறு படகுகளில் பாத்தோங் கடற்கரைக்கு அனுப்புகின்றன. ஆடும் படகில் ஒரு கையில் குழந்தை, மறு கையில் தள்ளுவண்டி என்று இறங்கி ஏறுவது உங்களுக்கும் துன்பம், உங்கள் அத்தைக்கு அதைவிடத் துன்பம். அலை அதிகமென்றால் அந்த இறக்கமே ரத்தாகிவிடும். பினாங்கு வரை மட்டும் சென்று திரும்பும் மூன்று இரவுப் பயணத்தைத் தேர்ந்தெடுங்கள்.

கடல் குமட்டல் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு அரிதாகவே வரும். இரண்டு முதல் பன்னிரண்டு வயதினருக்குத்தான் அதிகம். ஆகவே கவனிக்க வேண்டியவள் மகள். கப்பலின் நீளவாக்கில் நடுவிலும், கீழ்த்தளங்களிலும் ஆட்டம் குறைவு என்பதால் அறைகளை அங்கே கேளுங்கள். மருந்தைப் பொறுத்தவரை ஓர் எச்சரிக்கை. ஊரிலிருந்து வருபவர்களின் பையில் பேருந்துப் பயணத்துக்கென்று அவோமின் மாத்திரை இருப்பது வழக்கம். அதில் உள்ள புரோமெதசின் என்ற மருந்து இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையின் மூச்சை ஒடுக்கிவிடக்கூடியது. கால் மாத்திரைதானே என்றுகூட உங்கள் மகனுக்குக் கொடுத்துவிடக் கூடாது. மகளுக்கு எது, எவ்வளவு என்பதைக் குழந்தை மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

நான் அஞ்சுவது குமட்டலைவிட நோரோவைரஸ் என்னும் வயிற்றுப்போக்குக் கிருமியை. திடீரென்று வாந்தியும் பேதியும் தொடங்கி ஓரிரு நாள் நீடிக்கும். பெரியவர்கள் தாங்கிக்கொள்வார்கள், சிறு குழந்தைக்கு உடலில் நீர் வற்றிவிடும். உணவுக்கூட வாசலில் கையில் பீய்ச்சித் தரும் கிருமிநாசினி திரவம் இந்தக் கிருமியை நன்றாக ஒழிப்பதில்லை. சோப்புப் போட்டுக் கழுவினால்தான் போகும். மேசையில் உட்காரும் முன், எல்லோரும் தொடும் பஃபே கரண்டிகளைத் தொட்ட பின், பிள்ளைகளின் கைகளைக் கழுவி விடுங்கள். ஓஆர்எஸ் பொட்டலங்கள், எடைக்கேற்ற அளவு குறிக்கப்பட்ட பாரசிட்டமால், வெப்பமானி ஆகியவை கைப்பையில் இருக்கட்டும். கப்பலில் மருத்துவரும் செவிலியரும் இருப்பார்கள். ஆனால் குழந்தை மருத்துவரை எதிர்பார்க்க முடியாது, கட்டணமும் மிக அதிகம். கப்பல் பயணத்தையும், அவசரமாகக் கரைக்குக் கொண்டுபோக நேர்ந்தால் ஆகும் செலவையும் உள்ளடக்கிய காப்பீட்டை ஐந்து பேருக்கும் எடுங்கள். மகனுக்குத் தட்டம்மைத் தடுப்பூசியின் இரண்டாம் தவணை போட்டாயிற்றா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

துறைமுகத்தில் ஒப்படைக்கும் பெட்டிகள் அறைக்கு வந்து சேரச் சில மணி நேரம் ஆகலாம் என்பதால், அன்றைய டயப்பரும் பால்மாவும் மாற்று உடையும் கையோடு இருக்க வேண்டும். கப்பல் கடைகளில் டயப்பர் கிடைக்கும் என்று நம்ப வேண்டாம். கெட்டில், மின்சாரச் சோற்றுப்பானை போன்றவற்றை ஏற்ற விடமாட்டார்கள். வீட்டில் சமைத்த உணவையும் பல நிறுவனங்கள் அனுமதிப்பதில்லை. சிங்கப்பூர்க் கப்பல்களில் இந்திய உணவு கிடைக்கும். மகனுக்குக் காரமில்லாமல் குழைந்த சோறும் தயிரும் வேண்டும் என்று முதல் நாளே உணவகத் தலைமைப் பணியாளரிடம் சொல்லிவிடுங்கள்.

புறப்படும் முன் நடக்கும் பாதுகாப்புப் பயிற்சியைத் தயவுசெய்து சடங்காக எண்ணாதீர்கள். 2012 ஜனவரியில் இத்தாலியக் கரையோரம் கோஸ்டா கான்கார்டியா கவிழ்ந்து 32 பேர் இறந்தபோது, அன்று ஏறிய பயணிகள் பலருக்கு அந்தப் பயிற்சியே நடந்திருக்கவில்லை. நீங்கள் கூட வேண்டிய இடத்துக்கு இரண்டு பிள்ளைகளோடும் அத்தையோடும் ஒருமுறை நடந்து பாருங்கள். மகனின் அளவுக்கான உயிர்காப்பு அங்கி அறையில் இருக்கிறதா என்று கேட்டு வாங்கி, போட்டுப் பாருங்கள்.

மகனுக்கு நினைவிருக்காது என்று உங்கள் அம்மா சொல்வது உண்மைதான். அதனால்தான் இந்தப் பயணத்தை அவனுக்காகப் போவதாக எண்ண வேண்டாம் என்கிறேன். மகளுக்கு நினைவிருக்கும். உங்கள் மூவருக்கும் நினைவிருக்கும். அவனுக்குப் பகலில் வழக்கமான நேரத்தில் தூக்கமும், பழகிய மடியும் கிடைத்தால் போதுமானது. அவன் தூங்கும் நேரத்தைச் சுற்றியே மற்றவர்களின் நாளை வகுத்துக்கொள்ளுங்கள்.

பணம் கட்டும் முன் அத்தையின் விசாவைப் பாருங்கள். கப்பல் ஏறுவது சிங்கப்பூரை விட்டு வெளியேறுவதுதான் என்பதால், திரும்பி வரும் நாளிலும் செல்லுபடியாகும் பலமுறை நுழைவு விசா அவருக்கு வேண்டும். இந்தியக் குடிமக்களுக்கு 2023 டிசம்பர் முதல் மலேசியா விசா விலக்கு அளித்துவருகிறது. அது காலவரையறைக்கு உட்பட்டது என்பதால் உங்கள் பயண நாளுக்கும் பொருந்துகிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். குழந்தைகளின் பாஸ்போர்ட் உட்பட ஐந்திலும் குறைந்தது ஆறு மாதச் செல்லுபடி மீதமிருக்க வேண்டும். இவையெல்லாம் சரியாக இருந்தால், அத்தையிடம் அவர் விருப்பத்தைக் கேட்டுவிட்டுப் பதிவு செய்யுங்கள்.

அன்புடன்.