எம்டன் கப்பலும் சோப்புப் பெட்டியும்

கேள்வி: கண்டிப்பான ஆளை 'சரியான எம்டன்' என்கிறோம். சென்னை மீது குண்டு போட்ட அந்த எம்டன் கப்பலின் பீரங்கிகள் அவ்வளவு பயங்கரமானவையா? அதிலிருந்த வீரர்களின் சாகச வாழ்க்கையைப் பற்றிச் சொல்லுங்களேன்.
– ஒரு வாசகர், விருதுநகர்

பதில்: பீரங்கிக் கணக்கை முதலில் முடித்துவிடுகிறேன். முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் தரப்புக் கப்பல்களை வேட்டையாட வந்த ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன். குழாயின் வாய் அகலம் 10.5 சென்டிமீட்டர் உள்ள பீரங்கிகள், மொத்தம் 10. 1914 செப்டம்பர் 22, இரவு ஒன்பதரை மணி வாக்கில் சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே வந்து, சர்ச்லைட்டைப் போட்டு, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைக் குறிவைத்துச் சுமார் 125 குண்டுகள் சுட்டார்கள். தொட்டிகள் எரிந்தன. ஊர் மூட்டை கட்டிக்கொண்டு ஓடியது. குண்டு விழுந்த இடத்தைச் சொல்லும் கல்வெட்டு உயர் நீதிமன்ற மதிலில் இருக்கிறது, போனால் பாருங்கள்.

உங்கள் கேள்வியில் என்னைப் பிடித்து நிறுத்திய சொல் பீரங்கி அல்ல, 'வாழ்க்கை'. அதன் முன்னால் 'சாகச' என்று ஒன்றை ஒட்டிவிட்டீர்கள். அதை உரித்துப் போட்டுவிட்டுப் பேசுவோம்.

எம்டனில் வாழ்க்கை என்றால் கரி. அந்தக் கப்பல் கொள்ளும் கரி சுமார் 790 டன். வேகமாக ஓடினால் சில நாளில் தீர்ந்துவிடும். தாய்த்துறைமுகமான சிங்தாவ் எங்கோ சீனக் கரையில் இருந்தது. வங்காள விரிகுடாவில் நுழைந்த பிறகு அவர்களுக்குக் கரி கொடுக்க ஒரு நட்புத் துறைமுகமும் கிடையாது. கூடவே வந்த கரிக்கப்பலிலிருந்தும், வழியில் பிடித்த கப்பல்களிலிருந்தும் நடுக்கடலில் அள்ளியாக வேண்டும். இரண்டு கப்பலையும் பக்கத்தில் பக்கத்தில் கட்டுவார்கள். அலை தூக்கிப் போடும், இரும்போடு இரும்பு மோதும். கீழே கரிக்கப்பலின் வயிற்றுக்குள் நின்று மூட்டையில் அள்ளுகிறவன் ஒருவன், மேலே வாங்கிக் கொட்டுகிறவன் ஒருவன். அதற்கும் கீழே, காற்றே வராத கரி அறைக்குள் குனிந்தபடி, விழுகிற கரியை மூலைக்கு மூலை தள்ளிப் பரப்புகிறவன் ஒருவன். வெயிலோ நம் ஊர்க் கடல் வெயில். எதிரிக்கப்பல் ஒன்று தலைகாட்டினால் கயிற்றை வெட்டிக்கொண்டு ஓட வேண்டும்.

கரியிலும் சாதி உண்டு. செப்டம்பரில் பிடிபட்ட ஒரு கிரேக்கக் கப்பலில் இருந்தது இந்தியக் கரி. சூடு குறைவு, சாம்பல் அதிகம், புகையோ வானத்துக்கே கொடி பிடிக்கும். ஒளிந்து திரிகிற கப்பலுக்கு அதைவிட எமன் வேண்டாம். மாதக் கடைசியில் 'புரெஸ்க்' என்ற பிரிட்டிஷ் கப்பல் சிக்கியது. உள்ளே 6,000 டன்னுக்கு மேல் வேல்ஸ் நாட்டு உயர்ரகக் கரி, பிரிட்டிஷ் கடற்படைக்கென்றே போய்க்கொண்டிருந்த சரக்கு. அன்றைக்கு எம்டனின் கொதிகலன் ஆட்களுக்குத் தீபாவளியாக இருந்திருக்கும்.

சின்ன வயதில் எங்கள் தெருவில் ரயில் எஞ்சின் பயர்மேன் ஒருவர் குடியிருந்தார். டூட்டி முடிந்து வந்ததும் நேரே கிணற்றடிக்குத்தான் போவார். முதல் வாளித் தண்ணீர் மையாக ஓடும். இரண்டாவது சாம்பல் நிறம். நாலாவது வாளிக்குப் பிறகுதான் மனிதர் தெரிவார். அப்போதும் இமையோரத்தில் மை தீட்டியது போலக் கரி மிச்சமிருக்கும், நகக்கண்ணில் நிரந்தரமாகவே இருந்தது. அவர் வீட்டுத் தலையணை உறையின் நடுவில் தலை அளவுக்கு ஒரு கறுப்பு வட்டம். எத்தனை முறை துவைத்தாலும் அவர் மனைவியால் அதைப் போக்க முடியவில்லை. எம்டனில் சுமார் 360 பேர். கிணறு கிடையாது, குடிதண்ணீரே அளந்துதான்.

ஆகவே என் கணக்கில் எம்டன் அடித்த பெரிய வேட்டை எண்ணெய்த் தொட்டி இல்லை, 'இண்டஸ்' கப்பல். செப்டம்பர் 10 அன்று வங்காள விரிகுடாவில் பிடித்தார்கள். துருப்புகளையும் குதிரைகளையும் ஏற்றக் கல்கத்தாவிலிருந்து பம்பாய்க்குப் போய்க்கொண்டிருந்த கப்பல் அது. எம்டனில் சோப்பு தீர்ந்துபோயிருந்த நேரம். இண்டஸைத் திறந்தால் பெட்டி பெட்டியாகச் சோப்பு! துப்பாக்கி ரவை கிடைத்திருந்தால் இவ்வளவு குதித்திருக்க மாட்டார்கள் என்று சத்தியம் செய்வேன்.

இந்த இடத்தில் எனக்கு வழக்கமாக வரும் கடிதத்துக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். 'எம்டனில் செண்பகராமன் பிள்ளை இருந்தாரே, அவரை ஏன் மறைக்கிறீர்கள்?' இதற்கு முன்பும் எழுதினேன், இனியும் எழுதுவேன்: இல்லை. 1914 செப்டம்பரில் அவர் சுவிட்சர்லாந்தில், சூரிக்கில் இருந்தார். இந்திய விடுதலைக்காகக் கமிட்டி அமைத்து, பத்திரிகை நடத்தி, ஜெர்மன் தூதரகத்தோடு பேச்சு நடத்திக்கொண்டிருந்தார். பிறகு பெர்லின் போனார், 1934இல் அங்கேயே இறந்தார். ஓர் ஆள் ஆல்ப்ஸ் மலையடியிலும் வங்காள விரிகுடாவிலும் ஒரே மாதத்தில் இருக்க முடியாது. ஒரு மனிதர் ஊரைவிட்டுப் போய், எழுதியும் பேசியும் ஆள் சேர்த்தும் ஆயுளைக் கரைத்தது நமக்குப் போதவில்லை. பீரங்கி பக்கத்தில் நிற்க வைத்தால்தான் வீரர் என்று ஒப்புக்கொள்வோம். எனக்கு இதில் கோபம் உண்டு. கரி அள்ளியவனை மறந்த அதே கண்தான் செண்பகராமனையும் கப்பலேற்றுகிறது.

சிரிக்க ஒன்று சொல்கிறேன். அக்டோபர் 9 அன்று எம்டன் இந்தியப் பெருங்கடலில் உள்ள டீகோ கார்சியா தீவுக்குப் போனது. பிரிட்டனுக்குச் சொந்தமான தென்னந்தோப்புத் தீவு, அதாவது எதிரியின் மண். கப்பலின் அடியில் ஒட்டிக்கிடந்த பாசியையும் சிப்பியையும் சுரண்டியாக வேண்டும், கரியும் ஏற்ற வேண்டும். பயந்துகொண்டே போனால், தீவுக்காரர்கள் மீனும் பழமும் எடுத்துக்கொண்டு வரவேற்க வருகிறார்கள்! போர் தொடங்கி இரண்டு மாதம் ஆகியும் அங்கே சேதி போய்ச் சேரவில்லை. இவர்களும் வாயைத் திறக்கவில்லை. உபசாரம் நடந்தது, மதுவும் சுருட்டும் பரிமாறினார்கள். தோட்டத்து மேலாளர் மெதுவாக ஆரம்பித்தார்: 'எங்கள் மோட்டார் படகு ரொம்ப நாளாக ஓடவில்லை, உங்கள் மெக்கானிக் யாராவது பார்க்க முடியுமா?' பார்த்தார்கள், பழுது நீக்கியும் கொடுத்தார்கள். சென்னையில் எரித்த அதே கைகள் பதினேழாம் நாள் எதிரியின் படகுக்கு ஸ்பானர் பிடித்தன. கூலி வாங்கியதாகத் தெரியவில்லை.

ஒரு மாதம்கூடப் போகவில்லை. நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவருகே ஆஸ்திரேலியக் கப்பல் 'சிட்னி' வந்தது. அதன் பீரங்கிகள் எட்டுதான், ஆனால் ஆறு அங்குலம், அதாவது 15 சென்டிமீட்டருக்கு மேல். எம்டனைக் கேப்டன் முல்லர் பவளப் பாறையில் மோதி நிறுத்தியபோது 130க்கும் மேற்பட்டவர்கள் இறந்திருந்தார்கள். அடிபட்டவர்கள் குடிக்கத் தண்ணீரில்லாமல் அந்தத் தகரக் குவியலில் மறுநாள்வரை கிடந்தார்கள். பிறகு சிட்னிதான் அவர்களை ஏற்றிக்கொண்டு கொழும்பு வந்தது. அங்கே ஆஸ்திரேலிய, நியூசிலாந்துத் துருப்புக் கப்பல்கள் வரிசையாக நின்றன. கடலில் ஜெயித்து வருகிற சொந்தக் கப்பலுக்குத் தொண்டை கிழியக் கத்தியிருப்பார்கள். சிட்னியின் கேப்டன் கிளாசப் முன்கூட்டியே சொல்லியனுப்பியிருந்தார்: 'கப்பலில் படுகாயமடைந்த கைதிகள் இருக்கிறார்கள், ஆரவாரம் வேண்டாம்.' அத்தனை கப்பலும் வாய்மூடி நிற்க, சிட்னி உள்ளே போனது.

சண்டை நடந்த அன்று எம்டன் ஆட்கள் 50 பேர் தீவில் இருந்தார்கள். தந்தி நிலையத்தை உடைக்க இறங்கியவர்கள். தலைமை, லெப்டினன்ட் முக்கே. தங்கள் கப்பல் போய்விட்டது என்று தெரிந்ததும், அங்கே நின்ற 'ஆயிஷா' என்ற 97 டன் பாய்மரக் கப்பலை எடுத்துக்கொண்டு அன்று மாலையே கிளம்பினார்கள். ஒரு சில மாலுமிகளுக்கான இடத்தில் 50 பேர். குடிக்கப் பாயை விரித்து மழையைப் பிடித்தார்கள். சுமத்ராவின் பாடாங், அங்கிருந்து ஒரு ஜெர்மன் சரக்குக் கப்பல், பிறகு ஏமன். மீண்டும் படகு, பிறகு ஒட்டகம். ஜித்தா அருகே மணலில் படுத்துக்கொண்டு மூன்று நாள் துப்பாக்கிச் சண்டை. சிலரை அரேபியாவிலேயே புதைத்துவிட்டு, 1915 மே மாதம் ஹெஜாஸ் ரயில் பாதையில் அல்உலா நிலையத்துக்கு வந்து சேர்ந்தார்கள்.

அங்கே ஒரு ஜெர்மன் பத்திரிகையாளர் காத்திருந்தார். ஆறு மாத அழுக்கோடு வந்து நின்ற முக்கேயிடம் அவர் கேட்டது: 'முதலில் எது வேண்டும், குளியலா, ரைன் நதிக்கரை ஒயினா?'

'ஒயின்' என்றார் முக்கே.