செல்லோ இசையை டபுள் பேஸில் வாசிக்க: முதலில் எதை முடிவு செய்வது?

கேள்வி: மூன்று ஆண்டுகளாக டபுள் பேஸ் வாசிக்கிறேன். இசையமைப்பாளர் பாக்கின் முதல் செல்லோ சூட்டில் (தனி செல்லோவுக்கான இசைத் தொகுப்பில்) தொடக்கமாக வரும் பிரெலூடை வாசிக்க ஆசை. ஸ்கேலை மாற்றி எழுதிக்கொள்ள வேண்டுமா, செல்லோ நோட்டையே வைத்து வாசிக்கலாமா?

பதில்: ஸ்கேல் ஜி மேஜராகவே இருக்கட்டும். முதலில் முடிவு செய்ய வேண்டியது ஸ்தாயி.

செல்லோவின் தந்திகள் சி, ஜி, டி, ஏ. ஒவ்வொன்றும் ச-ப இடைவெளி. பேஸ் ஈ, ஏ, டி, ஜி, அதாவது ச-ம இடைவெளி. போதாததற்கு, பேஸ் எழுதியதைவிட ஒரு ஸ்தாயி கீழே ஒலிக்கும். அதனால் விரல் வைப்பை மட்டுமல்ல, எந்தத் தந்தி திறந்து ஒலிக்கிறது என்பதையும் புதிதாக யோசிக்க வேண்டும். இந்தப் பிரெலூடின் உயிரே அந்த ஒலிப்பில்தான் இருக்கிறது.

முதல் பாரை, அதாவது முதல் தாளக் கட்டத்தை எடுத்துக்கொள்வோம்: ஜி, டி, பி, ஏ. செல்லோவின் அசல் சுருதியிலேயே வாசித்தால், உங்கள் திறந்த ஜி தந்தியே முதல் ஸ்வரம். டி தந்தியின் பாதியில் அழுத்தாமல் லேசாகத் தொட்டால் கிடைக்கும் ஹார்மோனிக் அடுத்தது. பி-க்காக மறுபடி ஜி தந்தியில் கட்டைவிரல் நிலைக்கு (கட்டைவிரலையும் தந்தி மேல் வைக்கும் உயர்ந்த இடத்துக்கு) போகிறீர்கள். அந்தக் கணமே அடியில் இருந்த ஜி நின்றுவிடும். செல்லோவில் அது தொடர்ந்து ரீங்கரிக்கும்.

நோட்டில் உள்ளபடியே, ஒரு ஸ்தாயி கீழே ஒலிக்கும்படி வாசித்துப் பாருங்கள். ஈ தந்தியில் நடுவிரல் ஜி, திறந்த டி, ஜி தந்தியில் சுண்டுவிரல் பி, ஆள்காட்டி விரல் ஏ. எல்லாம் முதல் பொசிஷனிலேயே, கையை நகர்த்தாமலே அடங்குகிறது! நடுவிரலை எடுக்காமல் இருந்தால் அடி ஜி ஒலித்துக்கொண்டே இருக்கும். உங்களுக்கு நான் சொல்வது இதைத்தான். ஆனால் வில் ஏ தந்தியைத் தாண்டி ஈ-யிலிருந்து டி-க்குப் போக வேண்டும். இடது கையே இல்லாமல், திறந்த தந்திகளில் இதை மட்டும் சில நாட்கள் பழகுங்கள். இரண்டாவது பாரில் சி வந்ததும் கை அரை ஸ்வரம் மேலே நகர்ந்தாக வேண்டும், அது வேறு வேலை.

சரி, ஈ-க்குக் கீழே செல்லோவுக்கு சி வரை இருக்கிறதே? உங்கள் பேஸில் ஈ தந்தியைக் கீழே சி வரை நீட்டும் எக்ஸ்டென்ஷனோ ஐந்தாவது தந்தியோ இருந்தால் கவலையில்லை. இல்லாவிட்டால் ஒரு ஸ்தாயி மேலே தூக்குங்கள். அந்த ஒற்றை ஸ்வரத்தை மட்டும் தூக்கினால் வரி உடைந்து கேட்கும். சொற்றொடர் தொடங்கும் இடத்திலிருந்தே தூக்க வேண்டும்.

முடிவுக்குச் சற்று முன், செல்லோ திறந்த ஏ தந்தியை விடாமல் தொட்டுத் தொட்டு வாசிக்கும் இடம் ஒன்று உண்டு. அந்த மினுமினுப்பு சாதாரண சுருதியில் வராது. சோலோ சுருதிக்கு, அதாவது எல்லாத் தந்திகளையும் ஒரு முழு ஸ்வரம் ஏற்றிக் கட்டினால் மேல் தந்தி ஏ ஆகிவிடும். ஆனால் திறந்த டி போய்விடும், நோட்டையும் ஒரு ஸ்வரம் கீழே எழுதிக்கொள்ள வேண்டும். முதல் பாரின் இனிமையை அதற்காக விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வராது.

வில் இழுப்புக்கு அச்சிட்ட பதிப்பைக் கட்டிக்கொண்டு அழ வேண்டாம். பாக் தன் கைப்பட எழுதிய பிரதி கிடைக்கவில்லை. அவர் மனைவி அன்னா மக்தலேனா எடுத்த பிரதியில் ஸ்லர்கள் (ஒரே வில் இழுப்பில் வாசிக்க வேண்டிய ஸ்வரங்களை இணைக்கும் வளைகோடுகள்) எங்கே தொடங்கி எங்கே முடிகின்றன என்பதே பல இடங்களில் தெளிவில்லை. பேஸ் வில் குட்டை, தந்தி தடிமன். நீண்ட ஸ்லரை இரண்டாகப் பிரித்து, அடி ஸ்வரத்துக்கு மட்டும் கொஞ்சம் கூடுதல் வில் கொடுங்கள்.