எழுத்து மட்டும் வந்தால் போதும்

கேள்வி: பள்ளி ஆண்டு மலருக்காக மாணவர்களும் ஆசிரியர்களும் அனுப்பும் கட்டுரைகளை மின்னஞ்சலிலிருந்தும் வேறு கோப்புகளிலிருந்தும் நகலெடுத்து ஒரே வேர்டு கோப்பில் ஒட்டுகிறேன். ஒவ்வொன்றும் தன் எழுத்துரு, அளவு, நிறம் எல்லாவற்றையும் கூடவே கொண்டுவருகிறது. திருத்துவதிலேயே மாலைப்பொழுது போய்விடுகிறது. எழுத்தை மட்டும் ஒட்ட வழி உண்டா?
— ஓர் ஆசிரியை, தஞ்சாவூர்

பதில்: உண்டு. நீங்கள் நகலெடுக்கும்போது கணினி பெரும்பாலும் ஒரே பகுதியைப் பல வடிவங்களில் எடுத்து வைத்துக்கொள்கிறது. அவற்றுள் ஒன்று அலங்காரங்களுடன் கூடியது, மற்றொன்று வெறும் எழுத்து. கேட்காதவரை வேர்டு முதலாவதையே எடுத்துக்கொள்ளும் என்பதால், இரண்டாவதைத்தான் வேண்டுகிறோம் என்று நாம் சொல்ல வேண்டும். அதற்கான விசைகள் கண்ட்ரோல், ஷிஃப்ட், வி ஆகிய மூன்றும் சேர்ந்தவை. குரோம், ஃபயர்ஃபாக்ஸ், கூகுள் டாக்ஸ் ஆகியவற்றில் இது நெடுநாளாக உண்டு. வேர்டிலோ 2023இல்தான், அதுவும் மைக்ரோசாஃப்ட் 365 பதிப்பில் வந்தது. பழைய வேர்டு என்றால், ஒட்ட வேண்டிய இடத்தில் மவுஸின் வலப் பொத்தானை அழுத்தி, 'ஏ' என்ற ஆங்கில எழுத்துள்ள படத்தைத் தேர்ந்தெடுங்கள். நோட்பேடில் ஒட்டி மறுபடி நகலெடுக்கும் சுற்றுவழி தேவையில்லை.

மலர் வேலை முடியும்வரை தினமும் ஒட்டப்போகிறீர்கள் என்பதால், ஃபைல், ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்டு என்று சென்று, 'கட், காப்பி, அண்ட் பேஸ்ட்' பகுதியில் பிற கோப்புகளிலிருந்தும் பிற மென்பொருள்களிலிருந்தும் ஒட்டுவதற்கான வரிகளில் 'கீப் டெக்ஸ்ட் ஒன்லி' என்பதை அமைத்துவிடுவதே நல்லது. ஏற்கெனவே ஒட்டியவற்றைத் தேர்ந்தெடுத்து, கண்ட்ரோலுடன் ஸ்பேஸ் விசையை அழுத்தினால் எழுத்துரு, அளவு, நிறம் ஆகியவை நீங்கும். கண்ட்ரோலுடன் கியூ அழுத்தினால் பத்தி அமைப்பும் இயல்புக்குத் திரும்பும்.

தமிழில் வேலை செய்வோர் ஒன்றை அவசியம் கவனிக்க வேண்டும். பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கட்டுரை திரையில் தமிழாகத் தெரிந்தாலும், உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகளுக்கும் குறிகளுக்கும் உரிய எண்களே. தமிழ் உருவத்தைத் தருவது அந்த எழுத்துரு மட்டும்தான். அதை உதறிவிட்டு ஒட்டினால், புரியாத எழுத்துக் குவியல்தான் மிஞ்சும். கோப்பு கெட்டுவிட்டதென்று பயந்து பலர் முழுக் கட்டுரையையும் மறுபடி தட்டச்சு செய்வதைக் கண்டு வருந்தியிருக்கிறேன். அது வீண் உழைப்பு. 'எழுத்துரு மாற்றி' எனப்படும் மென்பொருள் ஒன்றின் மூலம் முதலில் யூனிகோடு என்ற பொதுக் குறியீட்டு முறைக்கு மாற்றி, பிறகு ஒட்டுங்கள். யூனிகோடில் ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் தனக்கே உரிய எண் அல்லது எண்களின் வரிசை இருப்பதால், எழுத்துரு மாறினாலும் எழுத்து மாறாது.

வெறும் எழுத்தாக ஒட்டும்போது தடித்த எழுத்து, சாய்வெழுத்து, இணைப்புகள், அட்டவணைக் கோடுகள் ஆகியனவும் போய்விடும். நூற்பெயர்களைச் சாய்வெழுத்தில் தந்திருக்கும் கட்டுரையானால், மெய்ப்புப் பார்த்து முடிக்கும்வரை மூலக் கோப்பை அழிக்காமல் வைத்திருங்கள்.