வாசகர் கேள்வி: எந்தப் பாட்காஸ்ட்களைக் கேட்கலாம்?

கேள்வி: நான் பணி ஓய்வு பெற்ற ஆசிரியை. பார்வை மங்கிவருவதால் முன்போல் படிக்க முடிவதில்லை; பாட்காஸ்ட் கேட்கத் தொடங்கியிருக்கிறேன். வரலாறு, சமயம், அரசியல், தோட்டக்கலை ஆகியவற்றில் நீங்கள் விரும்பிக் கேட்பவற்றைச் சொல்லுங்கள். ஆங்கிலம் புரியும்; வேகமாகப் பேசினால்தான் சிரமம்.
(வாசகி, கும்பகோணம்)

பதில்: வரலாற்றிலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் பாட்காஸ்ட்களில் மிகச் சிறந்தவை அத்துறையில்தான் இருக்கின்றன என்பது என் கருத்து. பிபிசி வானொலி 4-இல் 1998 முதல் ஒலிபரப்பாகும் ‘இன் அவர் டைம்’ நிகழ்ச்சியையே நான் எவருக்கும் முதலில் பரிந்துரைப்பேன். ஒரே பொருளை எடுத்துக்கொண்டு, அதில் ஊறித் திளைத்த மூன்று அறிஞர்களை அமர்த்தி, ஏறத்தாழ முக்கால் மணி நேரம் வினவுவதுதான் அதன் முறை. 2025 வரை அதை நடத்திய மெல்வின் பிராக், பேச்சு வழிதவறினால் தயங்காமல் குறுக்கிட்டு, கேட்ட கேள்விக்கே அவர்களைத் திருப்பிவிடுவார். அந்தக் கண்டிப்பு ஓர் ஆசிரியைக்குக் கட்டாயம் பிடிக்கும். பிற்காலப் பதிவுகளில், ஒலிபரப்பான பகுதிக்குப் பிறகும் உரையாடல் தொடர்கிறது. விடுபட்டது என்ன என்று அவர் கேட்க, அறிஞர்கள் மனம்விட்டுப் பேசிக்கொண்டிருப்பார்கள். தயாரிப்பாளர் வந்து தேநீரா காப்பியா என்று விசாரிப்பதும் பதிவாகியிருக்கும். பல நேரங்களில் அந்தச் சில நிமிடங்களே எனக்கு மிகுந்த நிறைவைத் தந்திருக்கின்றன. அசோகர், உபநிடதங்கள், பகவத் கீதை பற்றிய பகுதிகளை முதலில் கேளுங்கள். பொருள் ஏற்கெனவே தெரிந்திருப்பதால் ஆங்கில உச்சரிப்பு விரைவில் பழகிவிடும்.

ஒரே குரலில் தொடர்ச்சியாகக் கதை கேட்க விரும்பினால், மைக் டங்கன் 2007 முதல் 2012 வரை வழங்கிய ‘தி ஹிஸ்டரி ஆஃப் ரோம்’ இருக்கிறது. நம் நாட்டில் ஆங்கிலேயர் ஆட்சி வேரூன்றிய விதத்தை அறிய, வில்லியம் டால்ரிம்பிளும் அனிதா ஆனந்தும் 2022-இல் தொடங்கிய ‘எம்பயர்’ நிகழ்ச்சியின் முதல் தொடரைக் கேளுங்கள்.

சமயத்திற்கு, பெயரில் தத்துவம் என்று இருந்தாலும், பீட்டர் ஆடம்சனின் ‘ஹிஸ்டரி ஆஃப் ஃபிலாசஃபி வித்அவுட் எனி கேப்ஸ்’ தொடரையே சொல்வேன். 2010-இல் கிரேக்கத் தத்துவத்திலிருந்து தொடங்கிய அவர், புகழ்பெற்ற சிந்தனையாளர்களுக்கு இடையில் வந்தவர்களையும் விட்டுவிடக் கூடாது என்ற உறுதியோடு இன்றுவரை தொடர்கிறார். இந்தியத் தத்துவத்துக்கான தனித் தொடரை ஜொனார்டன் கனேரியுடன் சேர்ந்து எழுதினார். உபநிடதங்கள், சமணம், நாகார்ஜுனரின் பௌத்தம், நியாயம் என்னும் தர்க்க மரபு என்று ஒவ்வொரு தரப்பின் வாதத்தையும் அதன் எதிர்வாதத்தோடு வைக்கும் நேர்மை அதில் இருக்கிறது. பக்தியை வளர்க்கவோ குலைக்கவோ அவர்கள் முனைவதில்லை, அதனாலேயே எந்த நம்பிக்கை உடையவரும் மனம் நோகாமல் கேட்கலாம். ஒரு பகுதி பெரும்பாலும் அரை மணிக்குள் முடிந்துவிடும்.

அரசியலில் நான் தேடுவது மிகக் குறைவு, ஏனெனில் அன்றாடச் சச்சரவுகளைப் பேசுபவை ஒரு வாரத்திலேயே பழசாகிவிடுகின்றன. அமெரிக்க ஆய்வு நிறுவனமான கார்னெகி அறக்கட்டளையின் மிலன் வைஷ்ணவ் 2019 முதல் நடத்தும் ‘கிராண்ட் தமாஷா’ அப்படியல்ல. இந்திய அரசியலை ஆராய்ந்து நூல் எழுதியவர்களை அழைத்து, அவர்களுடைய தரவுகளைப் பற்றி நிதானமாகக் கேட்கிறார்.

தோட்டக்கலைக்கு, பிபிசி வானொலி 4-இல் வரும் ‘கார்டனர்ஸ் கொஸ்டின் டைம்’. இரண்டாம் உலகப் போர் முடிந்து உணவுத் தட்டுப்பாடு நீடித்த 1947-இல் தொடங்கிய நிகழ்ச்சி அது. அவர்கள் சொல்லும் மாதங்களும் பல செடிகளும் காவிரிப் படுகைக்குப் பொருந்தாதவை, ஆகவே நடவுக் காலத்தை அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் இலை மஞ்சளாகிறது என்று ஒருவர் சொன்னால், மருந்தின் பெயரைச் சொல்வதற்கு முன் வெயில், தண்ணீர், மண், தொட்டியின் வடிகால் என்று காரணம் தேடிச் செல்லும் அவர்களுடைய முறை மாடித்தோட்டத்துக்கும் அப்படியே உதவும்.

பேச்சு வேகமாகத் தோன்றினால், பெரும்பாலான செயலிகளில் வேகத்தை மாற்றும் வசதி உண்டு, 0.8 என்று வைத்துக் கேளுங்கள்.