எக்ஸ்ரேயில் 'எல்5 சாக்ரலைசேஷன்' என்று போட்டிருக்கிறது. இது பிறவி ஊனமா?

இல்லை. ரிப்போர்ட்டில் 'ஊனம்' என்று எழுத மாட்டார்கள். வீட்டில் யாரோ சொல்லியிருப்பார்கள். எங்கள் வீட்டில் சொன்னவர் என் பெரியப்பா. உங்கள் கேள்வியைப் பார்த்ததும் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை.

முதுகுத்தண்டில் இடுப்புப் பகுதியில் பெரும்பாலானவர்களுக்கு ஐந்து எலும்புகள் தனித்தனியாக இருக்கும். அதற்குக் கீழே இன்னும் ஐந்து ஒட்டிப்போய் முக்கோணமாக ஒரே எலும்பாகிவிடும். சிலருக்கு இடுப்பின் ஐந்தாவது எலும்பும், அதாவது எல்5, அந்த முக்கோணத்தோடு சேர்ந்துகொள்ளும்; அதுதான் சாக்ரலைசேஷன். உங்களுக்கும் எனக்கும் அப்படித்தான். சிலருக்கு நேர்மாறாக, முக்கோணத்தின் முதல் எலும்பு பிரிந்து மேலே ஆறாவதாக நிற்கும். ஆய்வுக்கு ஆய்வு கணக்கு மாறுகிறது, ஆனால் நூற்றுக்கு நாலு பேருக்காவது இந்த இரண்டில் ஒன்று இருக்கிறது. அதில் பலருக்கு வலியே வராது, இருப்பதும் தெரியாது.

எனக்கு 2014ல், 34 வயதில் தெரிந்தது. ஜவுளிக்கடையில் சேலை செக்ஷனில் 15 வருடமாக நின்ற கால். இடது பக்க இடுப்பில் பிடித்த வலி விடவில்லை. எக்ஸ்ரேயைப் பார்த்த பெரியப்பா, அம்மாவின் முன்னால் வைத்தே அந்த வார்த்தையைச் சொன்னார். அன்று ராத்திரி அம்மா சாப்பிடவில்லை. 1980 பிப்ரவரி 16ல் சூரிய கிரகணம், அப்போது நான் வயிற்றில். கன்றுக்குட்டி கத்துகிறதே என்று அவிழ்த்துக் கட்ட வெளியே போனாராம். 34 வருடம் கழித்து, "நான்தான்டா உன் இடுப்பைக் கெடுத்தேன்" என்று அழுதார். எனக்கு அந்த வலியைவிட இதுதான் பெரிதாக இருந்தது.

அடுத்த தடவை அம்மாவையும் டாக்டரிடம் கூட்டிப்போனேன். அவர் சிரிக்கவில்லை. நான் எந்த மாதம் பிறந்தேன் என்று கேட்டார். ஆகஸ்ட் கடைசி என்றார் அம்மா. கணக்குப் போட்டுவிட்டு, "முதுகெலும்பு எத்தனை துண்டு, எது எங்கே என்பதெல்லாம் கரு உண்டான முதல் ஐந்தாறு வாரத்தில் முடிவாகிவிடும்மா. கிரகணம் வந்தபோது உங்களுக்கு மூணாவது மாசம். அதுக்கு முன்னாடியே இது நடந்து முடிஞ்சாச்சு" என்றார். கிரகணத்தால் எதுவும் ஆகாது என்று ஆயிரம் பேர் சொல்லியும் நம்பாதவர், தேதியைச் சொன்னதும் நம்பினார். உங்கள் அம்மாவும் இப்படி எதையாவது மனதில் வைத்திருக்கலாம். இன்றைக்கே கேட்டுவிடுங்கள்.

வலி இருந்தால் அடுத்த விஷயம் முக்கியம். எக்ஸ்ரே ரிப்போர்ட் என் ஐந்தாவது எலும்பு ஒட்டியிருக்கிறது என்றது. அப்படியென்றால் எலும்புகளுக்கு நடுவே அசைகிற கடைசி ஜவ்வு எல்4-5, அதாவது நாலாவதுக்கும் ஐந்தாவதுக்கும் இடையில் இருப்பது. வேறு இடத்தில் எடுத்த எம்ஆர்ஐயோ அதே ஜவ்வுக்கு எல்5-எஸ்1 (எஸ்1 என்றால் முக்கோணத்தின் முதல் எலும்பு) என்று பெயர் போட்டிருந்தது. இடுப்பை மட்டும் படம் எடுத்துக் கீழிருந்து எண்ணினால் இப்படித்தான் ஆகும். விலா எலும்பை வைத்து எண்ணலாம் என்றால், சிலருக்கு அதுவும் கூடக் குறைய இருக்கும். கழுத்தின் இரண்டாவது எலும்பிலிருந்து கீழே எண்ணிக்கொண்டு வருவதுதான் உறுதியான வழி. ஊசியோ ஆபரேஷனோ என்று வந்தால் இரண்டு படங்களையும் கொண்டுபோய், "எண்ணிக்கையில் குழப்பம் இருக்கிறது, பார்த்துவிடுங்கள்" என்று சொல்லுங்கள். எனக்கு முதல் ஊசியை வேறு மட்டத்தில் போட்டார்கள், பலனில்லை. ஒட்டிய இடத்தில் உருவான போலி மூட்டில் மரத்துப்போக ஊசி போட்டபோதுதான் வலி சட்டென்று அடங்கியது. வலி அங்கிருந்துதான் வந்தது என்று அப்போது உறுதியானது. அப்புறம் ஆறு மாதம் பிசியோதெரபி.

'ஒட்டிய எலும்பால் வலி வருமா, அதற்கு ஆதாரம் உண்டா' என்று யாராவது கேட்பார்கள். பெர்டோலோட்டி என்ற இத்தாலிய ரேடியாலஜிஸ்ட் 1917லேயே எழுதிவிட்டார். இன்றுவரை டாக்டர்களுக்குள் இதில் ஒரே கருத்து இல்லை என்பதும் எனக்குத் தெரியும். நான் டாக்டர் இல்லை. ஆபரேஷனே கூடாது என்றும் சொல்லவில்லை. கால் மரத்துப்போனாலோ சிறுநீர் கட்டுப்பாடு போனாலோ இதையெல்லாம் படித்துக்கொண்டிருக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். பிறந்ததிலிருந்து இந்த எலும்போடுதான் இருந்தேன், 19 வயது வரை ஒரு நாள் வலித்ததில்லை. கடையில் காலை ஒன்பதரையிலிருந்து ராத்திரி ஒன்பதரை வரை நிற்க வேண்டும். வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் அலமாரியில் சாய்ந்தால்கூட மேனேஜர் சத்தம் போடுவார். தீபாவளி மாதத்தில் சாப்பிட மட்டும்தான் உட்காருவோம். 2021ல் கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்தது. செய்தியைப் படித்ததும் கண் கலங்கிவிட்டது. இரண்டு மாதம் கழித்து எங்கள் செக்ஷனுக்கு நாலு ஸ்டூல் வந்தது, 11 பேருக்கு. அதில் யாரும் உட்கார்ந்து நான் பார்க்கவில்லை, மடிக்காத சேலைகளை அடுக்கி வைத்திருந்தார்கள். என்னோடு வேலை பார்த்த பெண்களில் பாதிப் பேருக்கு இடுப்பு வலி. அவர்கள் எல்லோருக்குமா எலும்பு ஒட்டியிருக்கிறது?

உங்களுக்கு எந்தப் பக்கம் வலிக்கிறது, ஒரு பக்கம் ஒட்டியிருக்கிறதா இரண்டு பக்கமுமா என்று எழுதுங்கள். எனக்கு எந்தப் பயிற்சி உதவியது, எதைச் செய்து வலியைக் கூட்டிக்கொண்டேன் என்று சொல்கிறேன்.